யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை?

பேரிடர் நேர்ந்த முதல் நாளில் உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம். வெள்ளத்தில் கயிறு வீசியவர், இடிந்த சுவருக்கு அடியில் வெறுங்கையால் மண்ணைத் தோண்டியவர், அலை இழுத்துக்கொண்டு போன பிள்ளையின் தலைமுடியைப் பற்றி மேலே தூக்கியவர் எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள். 2004 சுனாமி நிவாரணப் பணிகளை ஆராய்ந்த பன்னாட்டு மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-ல் வெளியிட்ட அறிக்கையும் இதை அழுத்திச் சொன்னது. வெளியூர் உதவி வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த சோதனை.

லாரிகள் வருகின்றன. வேன்கள் வருகின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். சொந்த வேலையை விட்டுவிட்டு, கைப்பணத்தைப் போட்டு, இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டி வந்தவர்கள். ஆனால் ஒருவர் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு ஒரே காலையில் மூன்று முறை இட்லிப் பொட்டலம் கிடைக்கிறது. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்கால் பாலம் உடைந்த ஊரில், குழந்தைக்குப் பால்மாவு இல்லை. அரிசி இருக்கிறது, பாய் இருக்கிறது, போர்வை இருக்கிறது, கொடுக்க மனமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு குழந்தை பட்டினி கிடக்கிறது என்றால், அங்கே இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எது இல்லை என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை.

கிராமத்துக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் சமைப்பதில்லை, பரிமாறுவதும் இல்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, எந்த இலை காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். பேரிடர்க் களத்தில் நமக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும் தொண்டர் அவர்தான். நிவாரண அமைப்புகளுக்கு நடுவே நின்று அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் தொண்டு, சோறு போடுவதற்குச் சற்றும் குறையாத அறம் என்று நான் நம்புகிறேன். அதற்குச் சான்று தேட நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,065 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி என்று கரையோரம் நெடுகச் சாவு. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்துவிட்டன. வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்களும் இஸ்லாமிய அமைப்புகளைச் சேர்ந்த இளைஞர்களும் சேற்றிலிருந்து உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். சாதி, மதம், ஊர் என்று எதையும் கேட்காமல் மனிதர்கள் மனிதர்களுக்காகச் செய்த வேலை அது. அந்த நாட்களை நினைத்தால் தமிழ்ச் சமூகம் தன்னைப் பற்றி மரியாதையோடு எண்ணிக்கொள்ளலாம்.

அதே நாட்களில்தான் பழைய துணிகள் சாலையோரம் மலைபோலக் குவிந்தன. நாடெங்கும் இருந்து அனுப்பியவை. கிழிந்தவை, துவைக்காதவை, கடலோர வெயிலுக்கு உதவாதவை. வள்ளத்தையும் வலையையும் வீட்டையும் இழந்திருந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. உழைத்துச் சம்பாதித்து நல்ல உடை உடுத்தியவர்கள் அவர்கள். ஒரே காலையில் எல்லாம் போனாலும் தன்மானம் போய்விடவில்லை. துணிகள் மழையில் நனைந்து நாறின. அவற்றை அள்ளி அப்புறப்படுத்துவது, ஏற்கெனவே உடல்களை அள்ளிக் களைத்திருந்த பணியாளர்களுக்கு இன்னொரு வேலையாயிற்று. அனுப்பியவர்கள் யாரும் தீய எண்ணத்தோடு அனுப்பவில்லை. என்ன தேவை என்று கேட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ துயரத்தில் இருந்தவர்களை இன்னொரு முறை சிறுமைப்படுத்தியது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, அலை அடித்து ஒரு வாரம் முடிவதற்குள், 2005 ஜனவரி 1 அன்று, நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கியது. முன்கை எடுத்தவை இரண்டு அமைப்புகள். ஒன்று, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ். மற்றொன்று, நாகைக் கடற்கரையில் மீனவப் பெண்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்திருந்த சினேகா. இருவருக்கும் ஊர்கள் தெரியும், ஊர்ப் பஞ்சாயத்துகள் தெரியும், கரைவலைக்கும் விசைப்படகுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். அவர்கள் நினைத்திருந்தால், கையில் இருந்த செல்வாக்கைக் கொண்டு நாலு ஊரைத் தத்தெடுத்து, தங்கள் பெயரில் சீராக வேலை செய்துவிட்டுப் போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, வந்திருந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு வழிகாட்டும் மேசையில் உட்கார்ந்தார்கள். இந்த முடிவின் பெருமை இன்றுவரை போதுமான அளவு பேசப்படவில்லை.

அவர்களுக்குத் துணையாகக் குஜராத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கட்ச் பகுதியில் 1998-ல் வீசிய புயலுக்குப் பிறகு, அங்கிருந்த தொண்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து கட்ச் நவநிர்மாண் அபியான் என்ற கூட்டமைப்பை உண்டாக்கியிருந்தன. 2001 ஜனவரி 26-ல் பூஜ் நிலநடுக்கம் வந்தபோது அந்தக் கூட்டமைப்பு ஆயத்தமாக இருந்தது. ஊர்த் தொகுதிகளுக்கு ஒன்றாக ‘சேது’ என்ற தகவல் மையங்களைத் திறந்து, மக்களின் தேவையை நிர்வாகத்திடமும், அரசின் ஆணையை மக்களிடமும் கொண்டுசேர்த்தார்கள். அப்படித் தங்கள் மண்ணின் இடிபாட்டில் கற்றதை நான்கே ஆண்டுகளில் இன்னொரு மண்ணுக்கு எடுத்து வந்தார்கள். தாங்கள் பட்ட துன்பத்தை அடுத்தவர் படாதிருக்கச் செய்வதைவிட உயர்ந்த கைம்மாறு உண்டா என்று தெரியவில்லை.

மையம் ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்து இயங்கியது. அப்போது நாகை ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன், தஞ்சாவூர் ஆட்சியராக இருந்தபோது, அதே 2004-ன் ஜூலையில், 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீவிபத்தைக் கண்டவர். அரசு அலுவலகமும் தொண்டு நிறுவனமும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்ப்பது நம் வழக்கம். ‘இவர்கள் கணக்குக் காட்டாதவர்கள்’ என்று அலுவலர்களும், ‘இவர்கள் அசையாதவர்கள்’ என்று தொண்டர்களும் நினைப்பார்கள். நாகையில் அந்த ஐயம் ஓரளவு விலகி, இருதரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசின. வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது என்பேன்.

மையத்தில் நடந்த வேலை வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் பெரிதாகப் படாது. வந்து இறங்கும் அமைப்பிடம் கேட்பார்கள்: என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், மருத்துவர் இருக்கிறாரா, தச்சர் இருக்கிறாரா, கையில் பணம் எவ்வளவு? ஊர்வாரியாகத் தகவல் திரட்டுவார்கள். குடிநீர், கழிப்பறை, தற்காலிக வீடு, தொழில், குழந்தைகள், மனநலம் என்று துறைவாரியாக ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார்கள். எந்த ஊரில் எந்த அமைப்பு எந்த வேலையை எடுத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வரும். பின்னர் ஊர்த் தகவல் மையங்களும் வந்தன. வீடு கட்டும் கொள்கை உருவானபோது, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசுக்கு எடுத்துச் சொல்லவும் இந்த மையம் பயன்பட்டது. இதன் பணியை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான ஆனி ஜார்ஜ், அது முடிந்த பிறகும் நாகையிலேயே தங்கி, பெட்ராக் என்ற அமைப்பின் வழியாகக் கடலோர மக்களைப் பேரிடருக்கு ஆயத்தப்படுத்தும் பணியைத் தொடர்ந்தார்.

எல்லாம் செம்மையாக நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். அவசரத்தில் தார் அட்டைகளால் கட்டப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் அனலாய்க் கொதித்தன. ஃபைபர் படகு கொடுப்பது நன்கொடையாளர்களுக்குப் பிடித்த உதவியாகி, சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையில் சேர்ந்தன. கடலில் மீன் அதிகமாகிவிடவில்லை. படகு என்பது படம் எடுக்கத் தோதான உதவி. உப்பேறிப்போன வயலில் கூலி வேலை இழந்த தலித் குடும்பத்துக்கு என்ன கொடுப்பது என்பதற்குப் படம் இல்லை. கடலோரத்து இருளர் குடும்பங்களும், உப்பளத் தொழிலாளரும், மீன் விற்கும் பெண்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். மீனவர் அல்லாதவரை ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எண்ணவே பலருக்குத் தோன்றவில்லை. தலித் குடியிருப்புகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

ஒருங்கிணைப்புத் தொண்டின் சாரம் இங்கேதான் இருக்கிறது. கொடுத்ததை எழுதி வைக்கப் பலர் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் நன்கொடையாளருக்குக் காட்டக் கணக்கு வேண்டும். கிடைக்காதவர் பெயரை எழுதி வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். எந்த அமைப்பின் கணக்கிலும் வராத வீடு எது என்று தேடிப் போகிற கால்கள் வேண்டும். அந்த வீடு பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். அங்கே குடும்ப அட்டை இருக்காது. கேட்டு வாங்கத் தெரிந்த ஆண்பிள்ளை இருக்க மாட்டான். ஊர்ப் பெரியவர்கள் தரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கு ஊர்ப் பெரியவர்களோடு பணிவாகவும் உறுதியாகவும் பேச வேண்டியிருக்கும். அதற்கு அரிசி மூட்டை சுமப்பதைவிட அதிகத் தெம்பு தேவை.

இலங்கையில், ஏறத்தாழ 35,000 உயிர்கள் போன அதே அலைக்குப் பிறகு, கொழும்பில் கணினி வல்லுநர்கள் சிலர் வேறொரு விதமாக இந்தத் தொண்டைச் செய்தார்கள். லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்கள், சஞ்சீவ வீரவரன போன்றோரின் முன்முயற்சியில், ‘சஹானா’ என்ற மென்பொருளை இரவுபகலாக எழுதினார்கள். காணாமல் போனவர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, தேவைகளையும் கையிருப்பையும் இணைக்கும் பதிவு என்று அதில் பல பகுதிகள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2005-ல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006-ம் ஆண்டுக்கான சமூக நலன் விருதை அதற்கு அளித்தது. கடற்கரைக்கே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து செய்த இந்த வேலையைத் தொண்டு என்று சொல்லச் சிலர் தயங்கலாம். நான் தயங்க மாட்டேன்.

அதே தீவில் வேறொன்றும் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24-ல் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. ஒரே மேசையில் உட்கார முடியாத அரசியலின் விலையை முல்லைத்தீவின் கூடாரத்தில் இருந்தவர்கள் செலுத்தினார்கள்.

உலக அளவிலும் இந்தச் சிக்கல் பழையது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991-லேயே மனிதநேய உதவிகளை ஒருங்கிணைக்கத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. 2005 முதல் துறைவாரிக் குழுக்கள் என்ற முறை வந்தது. நம் நாட்டிலும் அதே 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து, மாவட்டத்துக்கு ஓர் ஆணையம் அமைந்தது. ஆட்சியர் அதன் தலைவர். தன்னார்வ அமைப்புகளைப் பேரிடர்ப் பணியில் ஈடுபட ஊக்குவிப்பதும் அந்த ஆணையத்தின் கடமைகளில் ஒன்று. சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. அதற்கப்புறம் வேண்டியது, அந்த அலுவலகத்தின் வாசலுக்கும் ஊரின் கடைசி வீட்டுக்கும் நடுவே நடக்கிற மனிதர்கள்.

சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை ஏறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தமிழ்நாடே உதவிக்கு எழுந்தது. ஆயினும் பிரதான சாலை ஊர்களில் பொருட்கள் சேர்ந்ததும், உள்ளே இருந்த ஊர்க்காரர்கள் சாலைக்கு வந்து வண்டிகளை மறித்ததும் நாம் பார்த்தவையே. 2015 சென்னை வெள்ளத்தின்போது இளைஞர்கள் கைபேசியிலும் கணினியிலும் பட்டியல் போட்டுப் பெரும்பணி செய்தார்கள். அதே கைபேசியில், ‘இங்கே தண்ணீர் இல்லை’ என்ற செய்தி, தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தேவையைப் பரப்ப ஆயிரம் பேர் உண்டு. ‘இது தீர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று சரிபார்த்து எழுதும் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஏன் அப்படி? கொடுக்கும்போது மனம் நிறைகிறது. வாங்குகிறவர் கண்ணில் நீர் வருகிறது, கைகூப்புகிறார், நமக்குள் ஏதோ இளகுகிறது. அந்த நிறைவில் தவறில்லை. மனிதன் அறத்தின் பக்கம் வருவதற்கு அது ஒரு வழி. ஆனால் அந்த நிறைவுக்காகவே கொடுக்கத் தொடங்கினால், நமக்கு நிறைவு தரும் இடத்தில்தான் கொடுப்போம். தேவை இருக்கும் இடத்தில் அல்ல. ஒருங்கிணைப்பவருக்கு இந்த நிறைவு கிடைப்பதில்லை. அவர் அனுப்பிய பால்மாவை வாங்கிய தாய் அவரைப் பார்த்ததே இல்லை. பதாகையில் அவர் பெயர் இல்லை. மாறாக, ‘எங்கள் லாரியை ஏன் வேறு ஊருக்குத் திருப்பினாய்’ என்று நன்கொடை கொண்டுவந்தவர் கோபிப்பார். ‘நீ யார் எங்களைக் கேட்க’ என்று இன்னோர் அமைப்பு கேட்கும். இரண்டையும் தாங்கிக்கொண்டு, அடுத்த நாளும் அதே மேசையில் வந்து உட்கார வேண்டும். தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவரால்தான் இது முடியும்.

நன்கொடையாளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ‘இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வதுதான் அது. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது மாதம், முகாம் கலைந்த பிறகு, கடன்காரர் வாசலில் நிற்கும்போது, யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு அப்போது கிடைக்கும் விதைப் பணமோ பள்ளிக் கட்டணமோ, முதல் வாரத்தின் பத்தாவது போர்வையைவிட எவ்வளவோ மேல்.

இந்தத் தொண்டில் இன்னோர் ஒழுக்கமும் தேவைப்படுகிறது. கணக்கேடு பிடிப்பவர் கையில் பிறர் துயரத்தின் விவரங்கள் வந்து சேர்கின்றன. விதவையின் பெயர், வங்கிக் கணக்கு எண், தனியே இருக்கும் சிறுமியின் முகவரி. சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கண்டவர் கொண்டு போய்விடக் கூடாது என்று அரசு கவலைப்பட்டது. நாகையில் அன்னை சத்தியா அரசு இல்லத்தில் அவர்களில் பலர் வளர்ந்தார்கள். பட்டியலைப் பொதுவில் போடுவது உதவி என்று நினைத்துச் செய்கிற தீங்காகலாம். தேவையைச் சொல்லலாம், தேவைப்படுகிறவரைக் காட்சிப்படுத்தக் கூடாது. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி அதிகம் வாங்கித் தருவதும் பிழைதான். இங்கே கூடும் பத்து, வேறெங்கோ குறையும் பத்து.

இதையெல்லாம் மலையில் வாழ்கிறவர்கள் தங்களுக்குரியதாக நினைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மேல்மலைச் சாலையில் கேரள எல்லையை நெருங்கும் ஊர் போளூர். உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் பீன்சும் விளையும் அடுக்கு வயல்கள். அந்த விளைச்சல் சந்தைக்கு இறங்குவதும், ரேஷன் அரிசி மேலே ஏறுவதும், பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோவதும் அந்த மலைச்சாலையை நம்பித்தான். கஜா புயல் டெல்டாவோடு நிற்கவில்லை. மேற்கே நகர்ந்து இந்த மலையையும் அடித்தது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நின்றது, கொடைக்கானல் மலையில் மண் சரிந்து கூலித் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2024 செப்டம்பரில், போளூரை அடுத்த கிளாவரையின் காட்டுப் பகுதியில் நிலம் நீளமாகப் பிளந்து கிடப்பதைக் கண்டு ஊரார் அஞ்சினார்கள். அதிகாரிகள் வந்து ஆய்வு செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 30-ல்தான் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயிருந்தன என்பதால் அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

எல்லைக்கு அப்பால் மூணாறு மலையில் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள் மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பெருமழையில் மின்சாரமும் தொலைபேசியும் செத்திருந்தன. வெளியுலகுக்குச் செய்தி தெரிய விடிந்துவிட்டது. பாலம் உடைந்து மீட்பு வண்டிகளும் தாமதமாயின. மலை ஊருக்குப் பேரிடர் வந்தால் முதல் சில மணி நேரம், சில வேளை முதல் சில நாள், அந்த ஊர் தன்னந்தனியே இருக்கும் என்பதைப் பெட்டிமுடி சொல்லிவிட்டது. பிறகு சாலை திறந்ததும் உதவி ஒரேயடியாக வந்து கொட்டும் என்பதை நாகப்பட்டினம் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மேல்மலை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கொடைக்கானல் நகரில் உதவ முன்வரும் கைகளுக்குக் குறைவில்லை. தேவாலயங்கள், பள்ளிகள், விடுதி நடத்துவோர், வணிகர் சங்கம், சுற்றுச்சூழல் அமைப்புகள், இளைஞர் மன்றங்கள், ஓட்டுநர் சங்கங்கள். ஒரு பெருமழையில் மேல்மலைச் சாலை அறுந்தால் இவர்கள் எல்லோரும் புறப்படுவார்கள். எல்லோரும் பூம்பாறைவரை வருவார்கள். அதற்கு மேல் யார் போவது, எந்த ஊருக்கு என்ன கொண்டுபோவது என்பதை அன்றைக்குத்தான் பேசத் தொடங்கினால், கடைசி ஊருக்குக் கடைசியாகவே போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்தாலும், ஊரின் நடுவில் இருக்கும் வீடுகளோடு நின்றுவிடக்கூடும். காட்டோரத்துப் பளியர் குடியிருப்பு, வெளியூரிலிருந்து அறுவடைக்கு வந்து கொட்டகையில் படுத்திருக்கும் கூலிக் குடும்பம், மகன் திருப்பூரில் இருக்க இங்கே தனியே இருக்கும் பாட்டி ஆகியோர் பெயர் யார் நினைவில் இருக்கும்?

அதனால் மேல்மலை இளைஞர்களிடம், பெண்களிடம், ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேரிடர்த் தொண்டுக்குப் பணம் வேண்டும், பயிற்சி வேண்டும், அமைப்பு வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊருக்கு இருவர் முன்வந்தால் போதும். வீடு வீடாகப் போங்கள். யார் கர்ப்பிணி, யார் நடக்க முடியாதவர், யாருக்கு நாள்தோறும் மருந்து வேண்டும், எந்தக் கொட்டகையில் வெளியூர்க் குடும்பம் தங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரில் மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது, ஜேசிபி யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம், சாலை போனால் நடந்து போக எந்தத் தடம் என்பதையும் எழுதுங்கள். காய்கறி லாரி ஓட்டுநர்களுக்கு இந்தச் சாலையின் பலவீனமான வளைவுகள் எல்லாம் தெரியும், அவர்களைக் கேளுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அந்த நோட்டைத் திருத்துங்கள். அதன் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். மக்களின் சொந்த விவரம் இருப்பதால் வேறு யார் கைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்து அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் கோட்டாட்சியர் முன்னிலையில் கூடுங்கள். யார் எந்த ஊரைப் பார்ப்பது, யார் உணவு, யார் மருந்து, யார் வண்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். செய்தி யாரிடமிருந்து வரும், யார் சொன்னால் வண்டி கிளம்பும் என்று ஒருவரை ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். உங்கள் பதாகை வீட்டிலேயே இருக்கட்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070; இரண்டையும் ஒவ்வொரு ஊரின் டீக்கடைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பேரிடர் நாளில் களத்துக்கு வருகிற எவரும், கொண்டுவந்ததை இறக்குவதற்கு முன், ‘யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை’ என்று கேட்கட்டும். அதற்கு விடை சொல்லக்கூடிய ஒருவர் போளூரிலும் கிளாவரையிலும் கவுஞ்சியிலும் மன்னவனூரிலும் இந்த ஐப்பசி பிறப்பதற்குள் கையில் நோட்டோடு இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.